தாத்தாவின் சாக்ஸபோன்: என்ன விலை, யாரிடம் விற்பது?

பள்ளத்தூர்ப் பக்கமிருந்து 41 வயதுச் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம் இது.

அவருடைய அப்பாவைப் பெற்ற தாத்தா, காரைக்குடி, தேவகோட்டை வட்டாரக் கல்யாணங்களுக்கு வாசித்த ஒரு பேண்டு செட்டில் இருந்தவர். 1941-இல் ரங்கூனிலிருந்து திரும்பிய செட்டியார் ஒருவர், தம் வீட்டுக் கல்யாணத்தில் தாத்தா கிளாரினெட் வாசித்ததைக் கேட்டுவிட்டு, அங்கிருந்து கொண்டுவந்த சாக்ஸபோனை அவருக்கே கொடுத்துவிட்டார் என்று குடும்பத்தில் சொல்வார்கள். தாத்தா 1987-இல் உயில் எழுதாமல் காலமானார். சில ஆண்டுகளில் அப்பத்தாவும், நான்கு ஆண்டுகளுக்கு முன் அப்பாவும் போய்விட்டார்கள். அப்பாவுக்கு உடன்பிறந்தவர் ஓர் அத்தை மட்டுமே. வாத்தியம் பெட்டியோடு பரணில் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு இறக்கித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மறுபடி ஏற்றிவிடுவார்கள்.

இப்போது வீட்டுக் கூரை ஒழுகுகிறது, ஓடு மாற்றப் பணம் வேண்டும். காரைக்குடியில் பழம்பொருள் வியாபாரம் செய்பவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு 22,000 ரூபாய் தருவதாகச் சொல்லி, ஆடி முடிவதற்குள் முடிவு கேட்டிருக்கிறார். திருப்பூரில் இருக்கும் தம்பி, ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, 10 லட்சத்துக்குக் குறைந்து கொடுக்கக்கூடாது, ஆண்வாரிசு நான், முடிவு என்னுடையது என்கிறார். தங்கமுலாமா என்று ஆசாரியிடம் உரசிப் பார்க்கலாம் என்பது தாய்மாமன் யோசனை. புளி போட்டு விளக்கினால் நல்ல விலை போகும் என்பது அம்மாவின் யோசனை. சகோதரி கவனமாகப் பார்த்து எழுதி அனுப்பிய குறிப்புகள்: பெல் எனப்படும் அகன்ற வாயின் மேல் ஒரு பெண்ணின் உருவம், சி.ஜி. கான், எல்க்ஹார்ட், இண்டியானா என்ற எழுத்துகள், பின்பக்கம் 1914 என்ற ஆண்டு, எம் என்ற எழுத்தோடு 27-இல் தொடங்கும் ஆறு இலக்க எண், எல் என்ற எழுத்து, விரல் படும் இடங்களில் ‘தந்தம்’, கழுத்துக் குழாயில் இறுகிப்போன ஒரு வளையம்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் குறிப்புகளுக்காக முதலில் நன்றி. ஊதுவாத்தியங்களைப் பழுதுபார்ப்பதும் மதிப்பிடுவதும் என் தொழில். ‘பழைய சாக்ஸபோன், என்ன விலை?’ என்று ஒற்றை வரியில்தான் பெரும்பாலும் கேட்பார்கள். நீங்கள் எழுத்தையும் எண்ணையும் படித்து அனுப்பியதால், கையில் எடுத்துப் பார்க்காமலே பாதி வேலை முடிந்துவிட்டது.

உங்களிடம் இருப்பது, அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்து எல்க்ஹார்ட் ஊரில் இயங்கிய கான் கம்பெனியின் சாக்ஸபோன். நீங்கள் வரைந்து அனுப்பிய கழுத்து ஒரே வளைவாக இருப்பதால் ஆல்ட்டோ என்னும் சற்றுச் சிறிய வகை என்று எடுத்துக்கொள்கிறேன். அதைவிடப் பெரிய டெனர் என்றால் கழுத்து கொஞ்சம் ஏறி இறங்கி வளையும். 1914 என்பது வாத்தியம் செய்த ஆண்டு என்று நினைத்துவிட்டீர்கள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது ஒரு காப்புரிமையின் தேதி. குழாயில் இருக்கும் சுரத்துளைகளின் வாயை, தனியாக ஒட்டாமல் அதே தகட்டிலிருந்து இழுத்து எழுப்பும் முறைக்கு 1914 டிசம்பர் 8-இல் கிடைத்த காப்புரிமை அது. அந்தத் தேதியைப் பல ஆண்டுகள் தங்கள் சாக்ஸபோன்களில் பொறித்துக்கொண்டே வந்தார்கள். வயதைச் சொல்வது அதற்குக் கீழே இருக்கும் எண். உங்கள் எண் 1930-களின் பின்பாதியைக் காட்டுகிறது.

உங்கள் குடும்பத்துச் செய்தியோடும் இது ஒத்துப்போகிறது. 1942 முதல் போர் முடியும்வரை கான் கம்பெனி வாத்தியம் செய்வதை விட்டுவிட்டுப் போர்த் தளவாடம் செய்தது. அதற்குச் சற்று முன்னால் வந்த வாத்தியம் ரங்கூனில் கைமாறி, ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழையுமுன் உங்கள் பக்கம் வந்திருக்கிறது என்றால் நம்பத் தடையில்லை.

பெல்லில் இருக்கும் பெண்ணை அம்மா சரஸ்வதி என்று நினைத்து இத்தனை ஆண்டும் பொட்டு வைத்திருக்கிறார். அது அந்தக் காலத்துக் கான் வாத்தியங்களில் வந்த அலங்காரச் செதுக்கல். அம்மாவின் பக்திக்கு அதனால் எந்தக் குறையும் இல்லை. வாங்குகிறவர்களுக்கோ அது ஓர் அடையாளம். அந்த உருவத்தோடு வந்த ஆல்ட்டோவை உலகம் முழுக்க ‘6 எம்’ என்ற மாடல் பெயரால் தேடுகிறார்கள். உறுதி செய்ய இன்னும் இரண்டைப் பாருங்கள். கழுத்துக் குழாயில் இருக்கும் ஆக்டேவ் சாவி, அதாவது சுரத்தை மேல் ஸ்தாயிக்கு ஏற்றும் நெம்புகோல், குழாயின் மேலே போகாமல் அடிப்பக்கமாக ஓடவேண்டும். வாத்தியத்தில் எங்கேயும் ‘பான் அமெரிக்கன்’ என்ற பெயர் இருக்கக்கூடாது. அது கான் கம்பெனியே மலிவு விலையில் விற்ற இரண்டாம் தர வரிசை.

இறுகிப்போன வளையத்தை யாரோ பின்னால் ஒட்டியிருப்பார்கள் என்று சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். அது கம்பெனி வைத்ததுதான். திருகினால் சுருதியைக் கொஞ்சம் ஏற்றி இறக்கலாம். பல வாத்தியங்களில் அது தொலைந்தோ உடைந்தோ போயிருக்கும். உங்களுடையது இறுகித்தான் இருக்கிறது, அது நல்ல செய்தி. இடுக்கி போட்டு மட்டும் திருகிவிடாதீர்கள்.

‘எல்’ என்ற எழுத்து தாழ்ந்த சுருதியைக் குறிக்கும், அதாவது இன்று உலகம் வைத்திருக்கும் சுருதி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உயர்ந்த சுருதியிலும் சாக்ஸபோன் செய்தார்கள். அவை இன்றைய மற்ற வாத்தியங்களோடு சேரவே சேராது, எவ்வளவு அழகாக இருந்தாலும் அலமாரிக்குத்தான். உங்களுடையது அந்த வகை இல்லை.

தந்தம் என்று எழுதியிருப்பது முத்துச்சிப்பி. தந்தமாக இருந்தால் வனவிலங்குச் சட்டப்படி விற்கவே முடியாது. அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்.

விலைக்கு வருவோம்

வயது ஏற ஏற விலை ஏறும் என்பது தேக்குத் தூணுக்கும் ஆத்தங்குடிக் கல்லுக்கும் பொருந்தலாம். வாத்தியத்துக்குப் பொருந்தாது. 1920-களில் வந்த எத்தனையோ சாக்ஸபோன்கள் இன்று யாரும் சீண்டாமல் கிடக்கின்றன. அதே நேரம், பாரிஸ் செல்மர் கம்பெனி 1954-இல் தொடங்கி எழுபதுகளின் நடுப்பகுதி வரை செய்த ‘மார்க் 6’ வயதில் இளையது, ஆனால் நல்ல நிலையில் உள்ள ஆல்ட்டோ நாலாயிரம் டாலருக்கு மேல் போகிறது. தம்பி பார்த்த காணொளி அந்த மாதிரி ஒன்றைப் பற்றியதாக இருக்கலாம். எந்தக் கம்பெனி, எந்த மாடல், ஊதினால் எப்படிப் பேசுகிறது, இந்த மூன்றும்தான் விலையைத் தீர்மானிக்கின்றன.

கான் 6 எம், பழுதுநீக்கி நன்றாக ஊதும் நிலையில், அமெரிக்காவில் சுமார் ஆயிரம் டாலரிலிருந்து இரண்டாயிரத்து ஐந்நூறு டாலர் வரை விலை போகிறது. பரணிலிருந்து இறக்கிய நிலையில் அதில் பாதிக்கும் கீழே. நம் ஊரில் வாங்குகிறவர்கள் இன்னும் குறைவு. அதற்கும் காரணம் உண்டு. கத்ரி கோபால்நாத் அவர்கள் ஆல்ட்டோ சாக்ஸபோனைக் கர்நாடக சங்கீத மேடைக்குக் கொண்டுவந்த பிறகு, கோயில் திருவிழாக்களிலும் கல்யாணங்களிலும் தவிலோடு சாக்ஸபோன் சேர்ந்துவிட்டது, வாசிப்பவர்களும் பெருகிவிட்டார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் கற்றது இன்றைய சாவி அமைப்பில். கான் வாத்தியத்தில் இடது சுண்டுவிரல் சாவிகள் வேறு மாதிரி இருக்கும், பழகச் சில மாதம் ஆகும். உதிரிபாகமும் கடையில் கிடைக்காது. அதனால் இங்கே இதைத் தேடி வாங்குகிறவர், அந்தக் கனமான, அகன்ற நாதத்தை அறிந்து ஆசைப்படுகிற ஒரு சிலர்தான். சென்னையில் பதிவுக்கூடங்களில் வாசிப்பவர்கள், மேற்கத்திய இசைக் குழுக்களில் இருப்பவர்கள், பெங்களூர், கோவா, கொல்கத்தா பக்கம் ஜாஸ் வாசிப்பவர்கள். அவர்களைத் தேடிப் பிடிக்கச் சில மாதம் ஆகலாம்.

இதையெல்லாம் வைத்து, நேரில் பார்க்காமல் நான் சொல்லக்கூடிய கணக்கு இது. இப்போதைய நிலையிலேயே விவரம் தெரிந்த வாசிப்பாளரிடம் கொடுத்தால் 40,000 முதல் 60,000 வரை கேட்பது நியாயம். குழாய் நேராக இருந்து, சுரத்துளைகள் கெடாமல் இருந்து, முழுப் பழுதும் பார்த்த பிறகு லட்ச ரூபாயைத் தாண்டலாம். 10 லட்சம் வராது. தம்பியிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். விலை எட்டாத உயரத்தில் நின்றால் வாத்தியம் பரணிலேயே இன்னும் இருபது வருடம் இருக்கும், துளைகளை மூடும் தோலும் தக்கையும் இன்னும் அரித்துப்போகும்.

22,000 சொன்ன கடைக்காரர் உங்களை ஏமாற்றப் பார்க்கிறார் என்று நான் சொல்லமாட்டேன். முனீஸ்வரன் கோவில் தெருவில் நடந்து பார்த்தால் தெரியும். பெட்டகமும் எனாமல் தட்டும் கண்ணாடி விளக்கும், பிரித்த வீட்டுக் கதவும், எல்லாம் பார்வைக்கு வைக்க வாங்குகிறவர்களுக்காகவே அங்கே காத்திருக்கின்றன. சாக்ஸபோனும் அவர் கணக்கில் ஒரு பார்வைப் பொருள். பளபளப்பாக்கி ஒரு ஸ்டாண்டில் நிறுத்தினால் ஏதாவது ஒரு விடுதி வரவேற்பறைக்குப் போகும். அந்த வேலைக்கு ஊதாத வாத்தியமே போதும், அதனால் அதற்குரிய விலைதான் அவர் தருவார். எடைக்குப் போட்டால் இரண்டரைக் கிலோ பித்தளைக் காசு, அலங்காரத்துக்குக் கொடுத்தால் 22,000, வாத்தியமாகக் கொடுத்தால் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. உங்கள் தாத்தா அதில் வாசித்துக் குடும்பம் காத்தவர். இன்னொரு வாசிப்பவர் கைக்கு அது போனால் உங்களுக்கும் பணம் கூடுதல், அதற்கும் நல்ல கதி. எனக்கு இதில் இரண்டு மனம் இல்லை.

இப்போது செய்யக்கூடாதவை

புளி, எலுமிச்சை, சாம்பல், பாலிஷ் திரவம் எதுவும் வேண்டாம். பித்தளையின் மேல் லாக்கர் என்ற மெல்லிய பூச்சு இருக்கிறது. தங்கம் போல் தெரிவதும் அதுதான். அது அங்கங்கே உதிர்ந்து, அடியில் கறுத்திருந்தால் தங்கமுலாம் இல்லை என்று நீங்களே கண்டுகொள்ளலாம், உரைகல்லில் தேய்த்து ஒரு கோடு போட வேண்டியதில்லை. புளி போட்டு விளக்கினால் மிச்சப் பூச்சும் போய், செதுக்கிய கோடுகளும் மழுங்கும். உதிர்ந்த பழைய பூச்சோடு இருக்கும் வாத்தியத்துக்கு, புதுப்பூச்சு போட்டதைவிட நல்ல விலை உண்டு. அம்மாவிடம் இதை முதலில் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் அன்போடு செய்கிற காரியம்தான் சட்டென்று நடந்துவிடும். செதுக்கலில் காய்ந்திருக்கும் சந்தனத்தை, நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தால் போதும். தண்ணீர் சாவிகளுக்குள் இறங்கக்கூடாது.

ஊர்ப் பட்டறையில் ஒடுக்கு எடுக்கக் கொடுக்காதீர்கள். இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்லவேண்டும். இந்தக் கான் வாத்தியங்களில் சுரத்துளையின் வாய், சருவப்பானை விளிம்பு போல வெளிப்பக்கமாகச் சுருட்டியிருக்கும். துளையை மூடும் தோல் மெத்தையான பேட் சரியாக அமரவில்லை என்றால், விவரம் தெரியாதவர் அரம் எடுத்து அந்த விளிம்பைச் சமமாக்கிவிடுவார். ஐந்து நிமிட வேலை. அதன்பிறகு அதைப் பழையபடி ஆக்க வழியில்லை, விலையும் பாதியாகிவிடும். அரம் பட்டுப் பாழான வாத்தியங்கள் சில என் மேஜைக்கு வந்திருக்கின்றன. உடையவர்களிடம் அதைச் சொல்வது சிரமமாக இருக்கும்.

மகன் எடுத்து ஊதிப் பார்க்கிறான், சத்தம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 14 வயதுப் பிள்ளையின் மூச்சில் குறை இல்லை. பேட் தோலைப் பூச்சி அரித்திருக்கும், காற்று கசிகிறது. பழைய மவுத்பீஸை அவன் வாயில் வைக்க வேண்டாம். அதைக் குளிர்ந்த நீரில் சோப்பு போட்டுக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். வெந்நீர் பட்டால் அந்தக் காலத்து ரப்பர் நிறம் மாறி நாறும். மவுத்பீஸில் பெயர் ஏதும் பொறித்திருந்தால் எனக்கு எழுதுங்கள், சில பழைய மவுத்பீஸ்களுக்குத் தனியாகவே நல்ல விலை உண்டு. பெட்டியில் இருக்கும் ரீட் டப்பா, வார், பழைய ரசீது, எதையும் கழிக்காதீர்கள்.

இது யாருடைய சொத்து?

தம்பியின் எண்ணத்தில் ஒரு பிழை இருக்கிறது, மன்னிக்கவும், உங்கள் கடிதத்திலும் அதே பிழை இருக்கிறது. நீங்கள் இருவரும் அம்மாவும் மட்டுமே கணக்கில் வருகிறீர்கள். தேவகோட்டையில் இருக்கும் அத்தையை, ‘கல்யாணம் ஆகிப் போனவர்’ என்ற ஒரு வரியோடு விட்டுவிட்டீர்கள்.

வாத்தியம் தாத்தாவுக்குத் தனிப்பட்ட முறையில் அன்பளிப்பாக வந்தது, அவருடைய சுயசொத்து. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் ஓர் ஆண் இறந்தால் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சமபங்கு. மகளுக்குக் கல்யாணம் ஆனதா இல்லையா என்ற கேள்வியே அதில் இல்லை. 1987-இல் தாத்தாவின் தாயார் உயிரோடு இல்லை என்று வைத்துக்கொண்டால், அப்பத்தா, அப்பா, அத்தை மூவருக்கும் மூன்றில் ஒன்று. அப்பத்தாவும் உயில் எழுதவில்லை என்றால், அவர் பங்கு அப்பாவுக்கும் அத்தைக்கும் பாதிப் பாதியாகப் போகும். ஆக, இன்று அத்தைக்குச் சரிபாதி. அப்பாவும் உயில் எழுதவில்லை என்றால், அவருடைய பாதியை அம்மா, நீங்கள், தம்பி மூவரும் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு ஆறில் ஒரு பங்கு. அதில் ஆணுக்கு ஒரு பங்கு கூடுதல் என்பதெல்லாம் கிடையாது.

அத்தை பணம் கேட்பார் என்று பயப்படாதீர்கள். கேட்கலாம், கேட்காமலும் போகலாம். ஆனால் கேட்காமல் விற்றது தெரிந்தால் வரும் வருத்தம், கூரை மாற்றிய பிறகும் தீராது. தம்பியோடு நேரில் போய் உட்கார்ந்து பேசுங்கள். சம்மதித்தால், வாத்தியத்தின் பெயர், மாடல், எண் மூன்றையும் எழுதி, விற்க எல்லோருக்கும் சம்மதம், பணம் இப்படிப் பிரியும் என்று ஒரு தாளில் நால்வரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். ஒத்துவராவிட்டால் மட்டும் வக்கீலிடம் போகலாம். அத்தைக்குத் தாத்தா வாசித்த கல்யாணங்களும் அந்தச் செட்டியார் வீடும் உங்களைவிட நன்றாக நினைவிருக்கும். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள், பேண்டு செட் நிற்கும் கல்யாணப் புகைப்படம் ஏதாவது கிடைக்குமா என்றும் கேளுங்கள். வாய்வழிச் செய்திக்கு யாரும் கூடுதல் விலை தருவதில்லை. இந்த வாத்தியத்தோடு தாத்தா நிற்கும் ஒரு படம் இருந்தால் வாங்குகிறவர் மனம் சாயும்.

விற்கும் வழி

முதலில் பழுது பார்த்துவிட்டு விற்பதா, அப்படியே விற்பதா? நீங்கள் அப்படியே விற்பதுதான் நல்லது. பேட் அத்தனையும் மாற்றி, ஆட்டம் கண்ட சாவிகளைச் சரிசெய்வது பெரிய செலவு. கூரைக்கே பணம் தேடும் நேரத்தில் அதைப் போட்டு, வாங்குகிறவருக்காகக் காத்திருக்க வேண்டாம். வாசிப்பாளர்கள் பலரும் தங்களுக்குப் பழக்கமான ஆளிடம், தங்கள் விரலுக்கு ஏற்றபடி வேலை செய்துகொள்ளவே விரும்புவார்கள். ஆனால் விற்குமுன், மதுரை, திருச்சி, சென்னை எங்காவது, சாக்ஸபோனில் கைதேர்ந்த ஒருவரிடம் பிரிக்காமல் பரிசோதிக்க மட்டும் கொடுங்கள். கழுத்து அமுங்கியிருக்கிறதா, குழாய் வளைந்திருக்கிறதா, விளிம்புகளில் அரம் பட்டிருக்கிறதா என்று அவர் எழுதித் தரட்டும்.

பகல் வெளிச்சத்தில், வெயில் நேராகப் படாமல், வெள்ளை வேட்டி விரித்து அதன்மேல் வைத்துப் படம் எடுங்கள். செதுக்கல், பின்பக்க எண், கழுத்தின் பக்கவாட்டு, சுரத்துளை விளிம்பு, ஒடுக்குகள், பெட்டி. ஒடுக்கை மறைக்காதீர்கள், மறைக்காத படத்தை நம்பித்தான் வெளியூர்க்காரர் பஸ் ஏறி வருவார்.

வெளிநாட்டுக்கு விற்க வேண்டாம் என்பது என் கருத்து. நூறு ஆண்டு கடந்த பொருள்களைத் தனியார் ஏற்றுமதி செய்ய 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடை விதிக்கிறது. உங்கள் வாத்தியம் அந்த வயதை எட்டவில்லை. ஆனால் 1914 என்ற எழுத்தைச் சுங்கத்தில் பார்த்தால், நீங்கள் நினைத்தது போலவே அவர்களும் நினைக்கலாம். தொல்பொருள் இல்லை என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கி அலையவேண்டி வரும். விற்பனை ரசீதிலும் ‘பழங்காலக் கலைப்பொருள்’ என்று எழுதாதீர்கள், ‘இசைக்கருவி’ என்று பெயரும் எண்ணும் போட்டு எழுதுங்கள். வருமானவரிக் கணக்கிலும் சொந்த உபயோகப் பொருள் வேறு, கலைப்பொருள் வேறு.

படம் போட்ட மறுநாளே 8 லட்சம் தருகிறேன் என்று யாராவது வரலாம். வரியைக் கட்டுங்கள், பார்சல் செலவை அனுப்புங்கள் என்பார். அல்லது ஒரு கியூஆர் கோடு அனுப்பி, பணம் வர ரகசிய எண்ணை அழுத்துங்கள் என்பார். பணம் வாங்க ரகசிய எண் தேவையே இல்லை. பணம் போய்விட்டால் உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். வாங்குகிறவர் நேரில் வந்து, ஊதிப் பார்த்து, உங்கள் எதிரிலேயே வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பட்டும், கணக்கில் வந்ததைப் பார்த்த பிறகு பெட்டியைக் கொடுங்கள்.

மகன் விஷயம். அவனுக்கு உண்மையிலேயே ஆசை இருந்தால், வாடகைக்கு ஒரு சாதாரண சாக்ஸபோனை எடுத்துக் கொடுத்து ஆறு மாதம் கற்கவிடுங்கள். நால்வருக்குப் பங்குள்ள வாத்தியத்தை அவன் பெயரைச் சொல்லி நிறுத்தி வைப்பது உறவுக்குள் சங்கடம் தரும். அத்தையும் தம்பியும் தாமாகவே ‘விற்க வேண்டாம், பிள்ளை வாசிக்கட்டும்’ என்றால் அது வேறு. அப்போது எழுதுங்கள், பழுது பார்ப்பதை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வது என்று சொல்கிறேன்.

கடைக்காரர் மறுபடி வந்தால், ‘அத்தையையும் கலந்துகொள்ள வேண்டும், தீபாவளி வரை முடிவு சொல்ல முடியாது’ என்று மட்டும் சொல்லுங்கள். முன்பணம் ஒரு ரூபாயும் வாங்காதீர்கள், வாத்தியத்தைக் கடையில் வைத்துப் பார்க்கிறேன் என்றாலும் கொடுக்காதீர்கள். படங்களை எனக்கு அனுப்பும்போது சுரத்துளை விளிம்பைக் கிட்டத்தில் எடுத்த படம் ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.